ஒலி மாளிகைகள் – 9: கோட்டில் பிறந்த நாதம்

இரண்டாவது உலக யுத்தத்தின் பிற்பகுதியில், எந்த இரவில் ஜெர்மானிய விமானம் வரும், எந்த இரவில் வராது என்று ஒருவருக்கும் நிச்சயமில்லாதிருந்த லண்டன் நகரத்தில், ராயல் ஆல்பர்ட் ஹால் என்னும் மாபெரும் மண்டபத்தில் சங்கீதக் கச்சேரிகள் நடந்துகொண்டுதான் இருந்தன. அபாயச் சங்கு ஊதி, வாத்தியக்காரர்கள் தங்கள் வாத்தியங்களைக் கீழே வைக்க நேர்ந்தாலும், தூரத்துக் கிராமமொன்றில் வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருப்பவரின் காதில் சங்கீதம் அறுபடலாகாது என்று கருதிய பி.பி.சி. ஸ்தாபனத்தார், அதற்கென ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். மேடையில் எந்த உருப்படி வாசிக்கப்படுகிறதோ அதே உருப்படி முன்னமே பதிவான இசைத்தட்டு ஒன்று, மேடை வாசிப்போடு அடி பிசகாமல், யார் காதிலும் விழாதபடி அருகே சுழன்றுகொண்டிருக்கும். ஆபத்து நேரும் கணத்தில் ஒரு விசையைத் திருப்பினால், மேடையில் ஓய்ந்த இடத்திலிருந்து தட்டில் சங்கீதம் தொடரும். என்றோ நடந்த வாசிப்பையும் கண்ணெதிரே நடக்கும் வாசிப்பையும் இவ்விதம் ஒரே தாளத்தில் நடத்திச் செல்லும் பணியைச் செய்தவர்களுள் ஒருவர், இருபது வயதும் நிரம்பாத டாப்னி ஓராம் என்னும் பெண்மணி.

இத்தொடரில் நாம் இதுவரை கண்டவர்களுள், பாரிஸ் வானொலியின் பியர் ஷேஃபர் 1948-இல் ரயில் வண்டிகளின் ஓசையைத் தட்டில் பதிந்து அதையே சங்கீதமாகக் கோத்தார். கொலோன் நகரத்து வானொலியில் கூடிய ஜெர்மானியர்களோ வெளியுலகத்து ஓசைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, யந்திரத்தில் பிறந்த சுத்தமான ஒலியிலிருந்தே தங்கள் சிருஷ்டியைத் தொடங்கினார்கள். இவ்விரு சாராருக்கும் அவரவர் வானொலி நிலையம் இடமும் கருவியும் கொடுத்து ஆதரித்தது. இங்கிலாந்தில் இத்துறையில் இறங்கிய டாப்னி ஓராமுக்கு ஆதரவு தாமதமாகக் கிடைத்ததோடு, கிடைத்த ஆதரவும் அவர் நாடிய திசையில் செல்லவில்லை. ஆயினும் மற்றவர்கள் ஒலியைப் பதிவு செய்வதிலும் உற்பத்தி செய்வதிலும் கருத்தைச் செலுத்திய காலத்தில், ஒலியைக் கையால் எழுத முடியுமா என்ற கேள்வியை வாழ்நாள் முழுதும் விடாமல் பற்றியிருந்தவர் அவர். ஆதலால் இவ்விதழ் முழுவதையும் அவருக்கே ஒதுக்குகிறேன்.

அவர் பிறந்தது 1925-ஆம் வருஷம் டிசம்பர் 31-ஆம் தேதி, வில்ட்ஷயர் ஜில்லாவைச் சேர்ந்த டிவைசஸ் என்னும் சிறு நகரத்தில். பியானோவும் ஆர்கனும் பயின்று, ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக் என்ற புகழ்பெற்ற சங்கீதக் கல்லூரியில் இடமும் கிடைத்த பிறகு, அதை வேண்டாமென்று விட்டு, 1943-இல் பி.பி.சி.யில் கீழ்நிலைப் பொறியாளர் உத்தியோகத்தை அவர் ஏற்றுக்கொண்டார். ஆண்கள் யுத்தத்துக்குப் போய்விட்டமையால், தொழில்நுட்பப் பணிகளில் பெண்களையும் அமர்த்திக்கொள்ள அந்த ஸ்தாபனம் முன்வந்திருந்த காலம் அது. மைக்ரோபோன்களை எங்கே நிறுத்துவது, வயலின்களின் ஒலியை எவ்வளவு உயர்த்துவது, பித்தளை வாத்தியங்களை எந்த அளவில் தணிப்பது என்றெல்லாம் தீர்மானித்து, பல வாத்தியங்களின் ஒலி வானொலியில் ஒன்றாய் இசைந்து கேட்கும்படி மட்டம் பார்க்கும் வேலையில் அவர் தேர்ந்தார். கல்லூரியில் கற்கக்கூடிய சங்கீதம் ஒருபுறமிருக்க, ஒலி என்பதே கம்பியில் ஓடும் மின்சாரமாக மாறி, மனிதன் விரலால் திருப்பும் ஒரு குமிழுக்குக் கட்டுப்படுகிறது என்ற பிரத்தியட்ச ஞானம் அவருக்கு அங்கே வாய்த்தது.

1944-இல் அவர் ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பப்பட்டார். ஒலியை மைக்ரோபோன் வழியே வாங்கி, கண்ணாடித் திரையில் பச்சை நிறக் கோடாக நெளியச் செய்து காட்டும் ஆசிலோஸ்கோப் என்னும் கருவியை அங்கே அவர் கண்டார். பாடினால் கோடு ஒரு விதமாக நெளியும். குழலூதினால் வேறு விதமாக நெளியும். அதை வியந்து பார்த்தவர்கள் அநேகர். அவர்களுக்குத் தோன்றாத எதிர்க்கேள்வி அந்தப் பெண்ணுக்குத் தோன்றிற்று. ஒலி கோடாக மாறுகிறதென்றால், நான் ஒரு கோட்டை வரைந்து கொடுத்தால் கருவி அதை ஒலியாக மாற்றித் தருமா என்று அவர் கேட்டார். ஆகாத காரியம் என்று சிரித்துத் தள்ளிவிட்டார்கள் பயிற்சியாளர்கள்.

நம்முடைய சங்கீதத்தில் பழகிய வாசகர்கள் இக்கேள்வியின் அருமையை எளிதில் உணர்வார்கள். ஸ, ரி, க என்று எழுத்தில் எழுதிவிட்ட பிறகும், தோடி ராகத்துக் காந்தாரத்தின் அசைவு எழுத்தில் அகப்படாமல் வெளியே நின்றுவிடுகிறது. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே குரல் வளைந்து செல்லும் பாதைதான் ராகத்தின் உயிர் என்றறிந்தும், அந்தப் பாதையைக் குருமுகமாகக் கேட்டுப் பெறுவதன்றி ஏட்டில் காண வகையில்லை. ஐரோப்பியரின் ஸ்வரக் குறிப்பிலும் இதே குறை உண்டு. ஐந்து கோடுகளின் மீது புள்ளி வைத்து ஸ்தாயியைக் காட்டலாம். அந்த ஸ்வரம் எவ்வாறு முளைத்தது, எவ்வாறு நடுங்கிற்று, எந்த வேகத்தில் தேய்ந்து மறைந்தது என்பதைக் காட்ட அதில் இடமில்லை. டாப்னி வரைய விரும்பியது இந்த நடுப்பாதையைத்தான்.

யுத்தம் முடிந்த சில வருஷங்களில், 23 வயதில், 'ஸ்டில் பாயிண்ட்' என்னும் பெயரில் ஒரு சங்கீதக் கிருதியை அவர் எழுதி முடித்தார். இரண்டு வாத்திய கோஷ்டிகள். அவற்றுள் ஒன்று எதிரொலி சிறிதும் இல்லாதபடி தடுப்புகளால் சூழப்பட்டும், மற்றொன்று எதிரொலி நிறைந்தும் ஒலிக்க வேண்டும். இவற்றோடு, முன்னமே பதிவான வாத்திய ஒலிகளைத் தாங்கிய தட்டுகளைச் சுழலவிட்டு, அவற்றை மேடையிலேயே மாற்றி மாற்றிக் கலக்க வேண்டும். ஆல்பர்ட் ஹாலில் ஆபத்துக்கென்று வைத்திருந்த தட்டு இங்கே வாத்தியமாகவே மாறிவிட்டதை வாசகர் கவனிக்க வேண்டும். ஷேஃபரின் ரயில் ஓசைகள் வெளிவந்து ஓராண்டு கூட ஆகாத 1949-இல், மின்கருவியையும் வாத்தியக் கோஷ்டியையும் ஒரே மேடையில் ஒன்றுசேர்க்கக் கருதிய கிருதி இது. பி.பி.சி. இதை ஏற்கவில்லை. பிரதி பெட்டியில் கிடந்தது. எழுதியவர் தம் ஆயுளில் ஒரு முறையேனும் அதை முழுமையாகக் கேட்கவில்லை. எஞ்சியிருந்த குறிப்புகளைக் கொண்டு ஷிவா ஃபெஷரேக்கியும் ஜேம்ஸ் புல்லியும் அதை மீட்டெடுத்து, லண்டன் கண்டெம்பரரி ஆர்கெஸ்ட்ராவுடன் 2018-ஆம் வருஷம் ஜூலை 23-ஆம் தேதி பிராம்ஸ் (Proms) என்னும் சங்கீத விழாவில் நிகழ்த்தினார்கள். நிகழ்ந்த இடம் அதே ராயல் ஆல்பர்ட் ஹால்.

1950-களில் காந்த ஒலிநாடா பி.பி.சி.க்குள் வந்து சேர்ந்தது. ஸ்டூடியோ மானேஜராக உயர்ந்திருந்த டாப்னிக்குப் பகல் முழுவதும் உத்தியோக வேலை. இரவு ஒலிபரப்பு ஓய்ந்து, பிராட்காஸ்டிங் ஹவுஸ் கட்டடத்தில் ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகு, வெவ்வேறு ஸ்டூடியோக்களில் கிடக்கும் கனத்த டேப் ரிகார்டர்களை ஒவ்வொன்றாக ஓர் அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்து, விடியும்வரை வேலை செய்துவிட்டு, காலை உத்தியோகஸ்தர்கள் வருவதற்குள் எல்லாவற்றையும் பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவது அவருடைய வழக்கமாயிற்று.

அந்த வேலை எத்தகையது என்பதைச் சற்று அருகே சென்று பார்ப்போம். ஆசிலேட்டர் என்ற கருவி ஒரே ஸ்தாயியில், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், தம்புராவின் செழுமையில் நூற்றில் ஒரு பங்கும் இல்லாத வறண்ட ஒலியைக் கொடுக்கும். அதை நாடாவில் பதிய வேண்டும். நாடா வினாடிக்கு 15 அங்குலம் ஓடுகிறதென்று வைத்துக்கொண்டால், அரை வினாடி நிற்க வேண்டிய ஒரு ஸ்வரத்துக்கு ஏழரை அங்குலம் நாடா வேண்டும். அளவு பார்த்து, பிளேடால் வெட்டி, அடுத்த ஸ்வரத்துக்குரிய துண்டோடு பசை நாடாவால் ஒட்ட வேண்டும். நேராக வெட்டினால் ஒலி சுத்தியால் தட்டினாற்போல் திடீரென்று பிறக்கும். சாய்த்து வெட்டினால் மெல்ல மலரும். நாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். அதோடு காலமும் இரட்டிக்கும். வெட்டும் கோணத்தில் ஒலியின் எடுப்பும், ஓட்டும் வேகத்தில் ஸ்தாயியும் அடங்கிய இந்த வித்தையில் ஒரு நிமிஷச் சங்கீதத்துக்கு எத்தனை இரவுகள் சென்றிருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். ஜான் ஜிரோதூ என்னும் பிரெஞ்சு ஆசிரியரின் 'ஆம்ஃபிட்ரியன் 38' நாடகத்தை பி.பி.சி. 1957-இல் டெலிவிஷனில் காட்டியபோது, ஓர் ஆசிலேட்டர், ஒரு டேப் ரிகார்டர், தாமே வகுத்துக்கொண்ட சில வடிகட்டிகள் என்ற இவ்வளவு சொற்பக் கருவிகளைக் கொண்டு அதற்கு இசையமைத்தார் அவர். முழுவதும் மின்னொலியாலேயே ஆன இசையமைப்பு பி.பி.சி.யின் வரலாற்றில் அதுவே முதல்.

அந்த வருஷம் வேறு வகையிலும் அவருக்குச் சாதகமாக அமைந்தது. சாமுவேல் பெக்கெட்டின் 'ஆல் தட் ஃபால்' என்ற வானொலி நாடகமும், ஃபிரெடரிக் பிராட்னம் எழுதிய 'பிரைவேட் ட்ரீம்ஸ் அண்ட் பப்ளிக் நைட்மேர்ஸ்' என்ற நாடகமும் ஒலிபரப்பானபோது, சாதாரண வாத்தியங்களாலும் சாதாரண ஓசைகளாலும் காட்ட முடியாத மனநிலைகள் உண்டு என்பதை நாடகப் பகுதியினர் கண்டுகொண்டனர். டாப்னியோடு டெஸ்மண்ட் பிரிஸ்கோ என்பவரும் சேர்ந்து வாதாடியதன் பயனாக, 1958-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியன்று, மைடா வேல் ஸ்டூடியோ கட்டடத்தின் 13-ஆம் எண் அறையில், இத்தகைய ஒலிகளை உருவாக்குவதற்கென ரேடியோபோனிக் ஒர்க்ஷாப் என்னும் கூடம் திறக்கப்பட்டது. மற்றப் பகுதியினர் கழித்துப் போட்ட கருவிகளே அதன் மூலதனம். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸிஸ் பேக்கன் எழுதிய 'புதிய அட்லாண்டிஸ்' என்னும் கற்பனை நூலில், சகல விதமான ஒலிகளையும் உண்டாக்கிப் பரிசோதிக்கும் ஒலி மாளிகைகளைக் குறித்து ஒரு பகுதி வருகிறது. அதை எடுத்து டாப்னி அந்த அறையில் ஒட்டி வைத்தார். இத்தொடருக்கு நான் வைத்த தலைப்பும் அங்கிருந்து பெற்றதே.

ஆனால் அவர் கனவு கண்ட மாளிகை வேறு, கிடைத்த அறை வேறு. சங்கீதப் பகுதியார் இந்த முயற்சியைத் தங்கள் வாசலுக்குள் விடவில்லை. ஒர்க்ஷாப் நாடகங்களுக்கு வேண்டிய ஓசைகளைச் செய்து கொடுக்கலாம். சங்கீத சிருஷ்டி என்ற பெயரில் எதுவும் செய்யவேண்டியதில்லை என்பது மேலிடத்தின் அபிப்பிராயம். மின்னொலியை நீண்ட நாள் கேட்பவர்களின் மனநலம் கெடும் என்ற அச்சத்தால், எவரையும் சில மாதங்களுக்கு மேல் அங்கே வைத்திருக்கலாகாது என்ற யோசனை கூட இருந்தது. பல கோடி ஜனங்களுக்குத் தினசரி நிகழ்ச்சி அளிக்கும் பொறுப்புள்ள ஸ்தாபனம், நாடகத்துக்கு உடனே பயன்படுவதைத்தான் முதலில் கேட்கும் என்பதை நான் மறுக்கவில்லை. எனினும், பாரிஸும் கொலோனும் தங்கள் வானொலிப் பணத்தில் ஒரு புதிய கலையை வளர்த்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில், அவர்களுக்குச் சமமான ஞானமும் அவர்களை விஞ்சிய பிடிவாதமும் உள்ள ஒரு பொறியாளரை வைத்துக்கொண்டு, பேய்க்காற்றும் கதவுச் சத்தமும் செய்து தரச் சொன்னது பெரிய நஷ்டமே.

1958 அக்டோபரில் பெல்ஜியம் தேசத்துப் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியை ஒட்டி, பரீட்சார்த்த சங்கீதம் குறித்து ஒரு மாநாடு கூடியபோது, பி.பி.சி. டாப்னியை அங்கே அனுப்பியது. லெ கார்புசியேயும் செனாக்கிஸும் வடிவமைத்த பிலிப்ஸ் மண்டபத்தில் இசையமைப்பாளர் எட்கார் வரேஸின் 'போயெம் எலக்ட்ரோனிக்' நூற்றுக்கணக்கான ஒலிபெருக்கிகள் வழியே சுவரெங்கும் ஓடித் திரிந்த பொருட்காட்சி அது. மற்ற நாட்டினர் எதைச் சங்கீதமென்று கொண்டாடுகிறார்களோ அதற்குத் தம் நாட்டில் நாடகத்துக்குப் பின்னணி என்ற இடமே உண்டு என்பதை நேரில் கண்டு திரும்பிய அவர், 1959 ஜனவரியில், ஒர்க்ஷாப் திறந்து ஒரு வருஷமும் பூர்த்தியாகுமுன், உத்தியோகத்தை ராஜினாமா செய்தார். பதினாறு வருஷ காலத்து வேலை அது. அவர் சென்ற பின்னும் ஒர்க்ஷாப் வளர்ந்தது. 1963-இல் 'டாக்டர் ஹூ' என்ற டெலிவிஷன் தொடருக்கு ரான் கிரைனர் எழுதிய மெட்டை டீலியா டெர்பிஷயர் நாடாத் துண்டுகளால் உருவாக்கியது அங்கேதான். அந்த அம்மையாரின் கதையைத் தனியே சொல்ல எண்ணியிருக்கிறேன்.

கெண்ட் ஜில்லாவில், ஃபேர்சீட் என்ற கிராமத்தில், பீருக்கு வேண்டிய ஹாப்ஸ் பூக்களை உலர்த்துவதற்கென்று முற்காலத்தில் கட்டிய சூளைக்கட்டடம் ஒன்று வீடாக மாற்றப்பட்டிருந்தது. 'டவர் ஃபாலி' என்று பெயர் பெற்ற அந்த வீட்டில் தமது சொந்த ஸ்டூடியோவை அமைத்துக்கொண்டார் டாப்னி. மாதச் சம்பளம் நின்றுபோகவே, வந்த வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. லெகோ பொம்மைகளுக்கும் நெஸ்டீ பானத்துக்கும் விளம்பர ஒலிகள், பள்ளிக் குழந்தைகள் அசைந்தாடிப் பயில்வதற்கான இசைத்தட்டு, விஞ்ஞானி ஃபிரெட் ஹாயிலின் 'ராக்கெட்ஸ் இன் உர்சா மேஜர்' நாடகத்துக்கு இசை, 'தி இன்னஸென்ட்ஸ்' என்ற 1961-ஆம் வருஷத்துத் திரைப்படத்தில் உடலைச் சிலிர்க்க வைக்கும் ஒலிகள் என்று பலவற்றைச் செய்தார்; அத்திரைப்படத்தில் அவர் பெயர் போடப்படவில்லை. ஜியாஃப்ரி ஜோன்ஸ் 1963-இல் எடுத்த 'ஸ்னோ' என்ற சிறு படத்தில், பனியைக் கிழித்துக்கொண்டு ரயில் வண்டிகள் விரையும் காட்சிகளுக்கு ஏற்ப ஒரு தாளத்தை இழுத்து நீட்டிக் கொடுத்தவரும் இவரே. இவையெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. மனம் மட்டும் 1944-ஆம் வருஷத்துக் கோட்டிலேயே நின்றது.

1962-இல் குல்பென்கியன் அறநிதியிலிருந்து 3,550 பவுன் கிடைத்தது. 1965-இல் மறுபடியும் உதவி வந்தது. விமானப் படையில் ராடார் கருவிகளோடு பழகிய கிரஹாம் ரென்ச் என்ற இளம் பொறியாளர் துணைக்கு வந்தார். டாப்னி கேட்பது இன்னதென்று வார்த்தையில் சொல்வார். அதை மின்சுற்றாக மாற்றும் சிரமம் ரென்ச்சுடையது. இவ்வாறு 1960-களின் நடுவில் எழுந்ததுதான் ஓராமிக்ஸ் என்னும் யந்திரம்.

உலோகச் சட்டமொன்றின் மீது, சினிமாவுக்குப் பயன்படும் 35 மில்லிமீட்டர் அகல பிலிம் சுருள்கள் பத்து, படம் எதுவுமின்றிக் கண்ணாடிபோல் தெளிவாக, அருகருகே நீட்டப்பட்டிருக்கின்றன. ஒரே மோட்டாரால் இழுக்கப்பட்டு, பத்தும் வினாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் ஒன்றாக நகர்கின்றன. ஓடும் வழியில் ஒருபுறம் விளக்கு. மறுபுறம், விழும் வெளிச்சத்துக்கு ஏற்ப மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் தரும் போட்டோசெல்கள். சங்கீதம் செய்பவர் கறுப்பு மையால் பிலிமின் மீது வரைகிறார். சில சுருள்களில் சிறு சிறு கறுப்புக் கட்டங்கள். அவை நிற்கும் இடத்தைக் கொண்டு யந்திரம் ஸ்வரத்தைத் தெரிந்துகொள்கிறது. மற்றச் சுருள்களில், மலைத்தொடரின் விளிம்பைப் போல் ஏறியிறங்கும் கோடுகள். ஒரு சுருளின் கோடு ஒலியின் பருமனை ஆள்கிறது. இன்னொன்று அதன் நடுக்கத்தை ஆள்கிறது. வேறொன்று எதிரொலி எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கிறது. ஒலியின் குணத்தை, அதாவது அது குழல்போல் இருக்க வேண்டுமா, நரம்புபோல் இருக்க வேண்டுமா என்பதை, தனியே கண்ணாடித் துண்டுகளில் வரைய வேண்டும். அக்கண்ணாடியின் பின்னே டெலிவிஷன் குழாயைப் போன்ற ஒரு குழாயில் ஒளிப்புள்ளி ஒன்று, கறுப்பு வடிவத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டே வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை ஓடி, கை வரைந்த அந்த விளிம்பையே மின்னலையாக மாற்றிக் கொடுத்துவிடும். பயிற்சி வகுப்பில் அவர் கண்ட ஆசிலோஸ்கோப் இங்கே தலைகீழாகத் திருப்பப்பட்டிருக்கிறது.

கோட்டைச் சற்றே நடுங்க வரைந்தால் நாதமும் நடுங்கிற்று. மை அழியாத வரையில், நேற்றைய நாதத்தை இன்று மறுபடி கேட்டு, பிடிக்காத இடத்தைத் துடைத்துத் திருத்தி வரையவும் முடிந்தது. பிளேடும் பசை நாடாவும் இல்லை. யந்திரச் சங்கீதத்தில் மனிதனுடைய கையின் சாயல் அற்றுப்போகும் என்று அஞ்சியவர்களுக்கு, கையின் சாயலைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒரு யந்திரத்தை அவர் செய்து காட்டினார் என்றே நான் கருதுகிறேன். 1972-இல் அவர் வெளியிட்ட 'ஆன் இண்டிவிஜுவல் நோட்' என்னும் நூலிலும், மின்சுற்றுகளின் இயல்பைச் சொல்லிக்கொண்டே வந்து, அவற்றை மனித சுபாவத்தோடு ஒப்பிட்டு, இந்தக் கவலையைத்தான் பக்கத்துக்குப் பக்கம் விசாரித்திருக்கிறார்.

யந்திரம் பரவவில்லை. அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964-இல் வெளிக்கொணர்ந்த சிந்தஸைஸர் பியானோவைப் போன்ற கட்டைகளோடு வந்தது. தொட்ட கணமே ஒலித்தது. கடைக்கு வந்து விலைக்கும் கிடைத்தது. ஓராமிக்ஸில் முதலில் வரைய வேண்டும், பிறகுதான் கேட்க வேண்டும். உலகத்தில் அது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. டாப்னியிடம் பாடம் கேட்ட பீட்டர் ஜினோவியெஃப், 1969-இல் தாமும் வேறு இருவரும் சேர்ந்து தொடங்கிய கம்பெனியின் சிறிய சிந்தஸைஸர்களால் பெயர் பெற்றார். டாப்னி கான்டர்பரியில் ஒரு கல்லூரியில் சொற்பொழிவாற்றியும், 1980-களில் ஆக்கார்ன் கம்ப்யூட்டரில் ஓராமிக்ஸை மீண்டும் அமைக்க முயன்றும் காலம் கழித்தார். 1994-இல் பாரிசவாயு தாக்கியதோடு வேலை நின்றது. 2003-ஆம் வருஷம் ஜனவரி 5-ஆம் தேதி காலமானார்.

அவருடைய கடிதங்களும் ஒலிநாடாக்களும் இப்போது லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் இருக்கின்றன. யந்திரத்தை ஸயன்ஸ் மியூசியத்தார் பெற்று, 2011-இல் காட்சிக்கு வைத்தனர். அது இன்று இயங்கும் நிலையில் இல்லை. ஆனால் 1970-களில் அவர் 'மினி ஓராமிக்ஸ்' என்ற பெயரில் இதைச் சிறிதாக்கித் திட்டமிட்டு, கட்டாமலே விட்டுச் சென்றிருந்தார். டாம் ரிச்சர்ட்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் அக்குறிப்புகளைப் படித்து, அக்காலத்தில் கிடைத்திருக்கக்கூடிய முறைகளையே கையாண்டு, 2016-இல் அதைக் கட்டி முடித்தார். பின்பு இக்காலத்து இசையமைப்பாளர் சிலரை அழைத்து, அவர்கள் கையில் பேனாவைக் கொடுத்தார்; அவர்கள் கோடு வரைந்தார்கள்; கோடு ஒலித்தது.

கெண்ட் கிராமத்தில் பிலிமின் மீது மை ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில், மாஸ்கோ நகரத்தில், கறுப்புப் பூச்சிட்ட கண்ணாடிப் பலகையைச் சுரண்டி, ஒளி புகும் கோடுகளால் நாதம் எழுப்பிக்கொண்டிருந்தார் எவ்கெனி முர்சின் என்னும் ருஷ்யப் பொறியாளர். அடுத்த இதழில் அவருடைய யந்திரத்தைப் பார்ப்போம்.